உனக்காகச் சுத்தம் செய்த ஓடைக்கரை

தம்பி,

போனில் பேசினால் இரண்டு வார்த்தைக்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய், நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அடுத்த வாரம் நீ வெளிநாட்டுக்குப் போகிறாய். எந்தத் தோட்டத்து இறப்பர் பால் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் வருகிறது என்று கொழும்பிலிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த உன்னை, அந்தப் பாலில் செய்த கையுறைகளை விற்கிற பெரிய கடைக்காரர்களே தங்கள் தலைமை ஆபீசுக்கு அழைத்துக்கொண்டார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். போவதற்கு முன் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாய் நீ. அவன் வர வேண்டாம் என்கிறார் அவர். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நான் அல்லாடுகிறேன். அப்பாவுக்கு உன்மேல் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோபமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கவலை இல்லை. கோபத்தைச் சோறு போட்டு ஆற்றிவிடலாம்.

உனக்கு வேலை கிடைத்த புதிதில், தீபாவளிக்கு வந்தபோது, நம் காம்பரா வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லோருக்கும் உன் வேலையை விளக்கினாய். நிலைபேறு உத்தியோகத்தர் என்று நீ சொன்ன பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆனால் விஷயம் புரிந்தது. எங்கோ ஒரு நாட்டில் கடைக்கு வருகிற ஒரு பெண், கையுறைப் பாக்கெட்டில் உள்ள குறியைத் தன் போனில் காட்டினால், அது எந்தத் தோட்டத்தில் எந்த மலையில் வெட்டிய பால் என்று அவளுக்குத் தெரியுமாம். காட்டை அழித்தோ ஓடையைக் கெடுத்தோ எடுத்த பால் என்றால் அந்தக் கடை வாங்காதாம். பக்கத்துக் காம்பரா பரமேஸ் அன்றைக்குக் கேட்டாள்: "அப்ப எங்க மூஞ்சியும் அதுல தெரியுமா தம்பி?" நீ சிரித்துக்கொண்டே, "இல்லக்கா, மலை மட்டுந்தான் தெரியும்" என்றாய். அவளும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அந்தப் பேச்சு இப்போது அடிக்கடி மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த வேலைக்கு நீ போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. சின்ன வயதிலேயே உனக்கு அந்தக் கிறுக்கு இருந்தது. பாலை உறையவைத்துச் சீட் போடுகிற ஸ்டோரிலிருந்து ஒருமுறை புளித்த வெள்ளைத் தண்ணீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டார்கள், மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. நான் அப்போது பிள்ளைக்காம்பராவில், பால்வெட்டுக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பக்கம் கிளாக்கர் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினால், நீ அரைக்கால் சட்டையோடு நிற்கிறாய், ஆபீஸ் படி முழுவதும் செத்த மீன். வாளியில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிருக்கிறாய். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் உன் அப்பாவை எல்லோர் முன்னாலும் வைத்து ஏசினார்கள். உனக்கு விழப்போகிற அடியைத் தடுக்க நான் வாசலிலேயே காத்திருந்தேன். அவர் வந்து, உன் தலையைத் தடவிவிட்டு, "மீன் செத்தது உண்மதானே? அவன் என்னா பொய்யா சொன்னான்?" என்று என்னிடம் கேட்டார். உண்மை சொல்கிற பிள்ளையாக உன்னை வளர்த்தது நான் இல்லை, அவர்தான்.

நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். எங்கள் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நீ தோட்டத்தில் பிறந்தவன்தான், ஆனாலும் மீசை முளைக்கும் முன்பே கேகாலை ஸ்கூல் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். புல்லோடு எங்களுக்கு உள்ள பகை உனக்குத் தெரியாது. எங்கள் அம்மா காலத்தில் மலையில் ஒரு புல் நின்றால் அரைப் பேர், அதாவது பாதிநாள் சம்பளம் போய்விடும். கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் ஓடுகிற கானெல்லாம் வழித்து, மண்ணை மொட்டையாக்கி வைக்க வேண்டும். மொட்டை மண்ணைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரத் துரைமார் தலையாட்டினார்களாம். பின்னால் வந்த நம் நாட்டுத் துரைமாரும் அதற்கேதான் தலையாட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக எங்களுக்குச் சுத்தம் என்றால் அதுதான், மரியாதை என்றாலும் அதுதான். புல்லை விட்டுவைத்தவன் சோம்பேறி. அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மனதை மாற்றிக்கொண்டார்கள் என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை தம்பி.

கடைக்காரர்கள் இரண்டு பேரை நீ கூட்டிக்கொண்டு வருகிறாய் என்று தெரிந்ததும் லயத்தில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. தோட்டத்தை நடத்துகிற துரை ஸ்டோரையும் ரோட்டையும் சீராக்குவதிலேயே இருந்தார், லயத்துப் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் ஓடை. கரையில் ஆளுயரத்துக்குப் புல்லும் புதரும். நடுவில் ஆபீசிலிருந்து ஒரு போர்டு நட்டிருந்தார்கள், சிங்களத்திலும் இங்கிலீசிலும். சிங்களம் எங்கள் வாயில் தண்ணீராக ஓடும், எழுத்துதான் தெரியாது; இங்கிலீசு அதுவும் இல்லை. ஆபீஸ் வைக்கிற போர்டை இது எதற்கு என்று கேட்டுப் பழக்கமும் இல்லை. செல்லையா கங்காணிதான் ஆரம்பித்துவைத்தார். "நம்ம புள்ள வெளிநாட்டு ஆளுங்கள கூட்டிக்கிட்டு வர்றான். பின்னால இப்புடி காடா கெடந்தா அவனுக்குத்தானே மானக்கேடு?" என்றார். நீ வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் இல்லாமல், ஆணும் பெண்ணும் இறங்கி வெட்டினார்கள். மழைக்குத் திரும்ப முளைத்துவிடுமே என்று உன் அப்பாவுக்குக் கவலை. லயத்தில் காசு சேர்த்து, கேகாலை டவுனுக்குப் போய்ப் புல் மருந்து வாங்கிவந்தார். ஒரு காலத்தில் மருந்தடிக்கிற கேங்கில் இருந்தவர் அல்லவா, முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஒரு வேர் மிஞ்சாமல் அடித்தார். பரமேஸ் அந்தப் போர்டைக் கழுவித் துடைத்து மாவிலை கட்டினாள். நீ வருவதற்குள் மிச்சம் மீதி எல்லாம் மஞ்சளாகக் கருகி, கரை மொழுமொழுவென்று இருந்தது. முதல்நாள் சாயங்காலம் நான் போய் நின்று பார்த்தேன். இப்போதும் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். வந்த இரண்டு பேரில் ஒரு வெளிநாட்டு அம்மா பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சினாள், நல்ல மனுஷி. பிறகு ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் கைவேலையை நீ பார்க்கப்போகிறாய் என்று நாங்கள் எல்லோரும் பின்னாலேயே வந்தோம். உன் முகம் மாறியதை முதலில் பார்த்தது நான்தான். குனிந்து கருகிய புல்லில் ஒரு பிடி பிடுங்கினாய். "இது யாரு அடிச்சது?" என்று கேட்டாய். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற உன் அப்பா கையைத் தூக்கினார், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குகிற மாதிரி. "நாங்கதான் தம்பி. மொதல்ல எல்லாரும் வெட்டுனோம், பொறவு நான் மருந்தடிச்சேன். நீ வர்றீயேன்னுதான்." சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா உன்னைப் பார்த்தாள். துரைக்குத் தமிழ் தெரியாது. உன் அப்பா சொன்னதை இங்கிலீசில் சொல்லத் தெரிந்தவன் அந்த இடத்தில் நீ ஒருவன்தான். நீ கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாய். பிறகு சொன்னாய். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் நீ உள்ளதை உள்ளபடி சொன்னாய் என்று தெரிந்தது. பொய் சொன்னால் உன் காது சிவக்கும், அன்றைக்குச் சிவக்கவில்லை. நீ சொல்லச் சொல்ல உன் அப்பா அந்த அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே நின்றார், அவள் பாராட்டப்போகிறாள் என்று. என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்பது அந்தத் தலையாட்டல்தான்.

நீங்கள் ஜீப்புக்குத் திரும்பிய பிறகு, ஆபீஸ் வாச்சர் வந்து போர்டைப் படித்துச் சொன்னான். அவன் கீழே சிங்களக் கிராமத்துப் பையன், நம் லயத்தில் பாதிநாள் சாப்பிடுகிறவன். "அனே அக்கே, இங்க புல்லு வெட்ட வேணாம், மருந்து அடிக்க வேணாம்னு தானே போட்டிருக்கு" என்றான். பரமேஸ் கட்டிய மாவிலையை அவளே அவிழ்த்துக்கொண்டு போனாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. உன் அப்பா அன்று சாப்பிடவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் கொழும்பில் இருந்து தெரிந்த அளவுதான் தெரியும். கடைக்காரர்கள் நம் தோட்டத்துப் பால் வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நாளில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு வழிமுறை இருக்கிறது என்று நீ போனில் சொன்னாய். அதை நான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு நாட்டில் சுத்தமான தோட்டம் கிடைத்துவிட்டதாம். பழியெல்லாம் உன் தலையில் போட மாட்டேன். நம் டிவிசன் மரங்கள் கிழடாகிவிட்டன, மழை விடாமல் பெய்து பாதி நாள் பால் வெட்ட முடியவில்லை, கம்பெனி எப்போது சாக்குக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சாக்கை நாங்களே கழுவித் துடைத்து எடுத்துக் கொடுத்தோம். பால்வெட்டை நிறுத்தினார்கள். வயசுப்பிள்ளைகள் உடுப்புத் தைக்கிற கார்மெண்டுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போனார்கள். பரமேஸ் விடிவதற்கு முன் அவிசாவளை பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள், அவள் பிள்ளையை நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டார்கள். குழந்தைகளைத் தூங்கவைக்கிற ஏணைச் சீலையெல்லாம் துவைத்து மடித்து ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வந்த அன்றைக்கு, நான் வாழ்ந்தது இவ்வளவுதானா என்று அழுகை வந்தது.

உன் சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அரநாயக்கவில் மண் சரிந்து மலையே ஊர்மேல் இறங்கியபோது நம் சொந்தக்காரர்களைத் தேடி உன் அப்பாவும் போனார். எந்த வீடு எங்கே இருந்தது என்றே தெரியாமல் திரும்பிவந்தார். மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் வேண்டும் என்று அவருக்கு நீ சொல்லவேண்டியதில்லை. ஓடையோரம் புதர் இருக்க வேண்டும் என்பதை யாராவது ஒரு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால், ராத்திரி பகலாகக் காவல் இருந்திருப்பார். நீங்கள் மரத்தைக் கண்டுபிடித்தீர்கள், மலையைக் கண்டுபிடித்தீர்கள், ஓடையில் எத்தனை வகை மீன் என்று வந்து பார்த்தீர்கள். அந்த ஓடையில் குளிக்கிற மனுஷனிடம் பேசுவதற்கு மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நீ கூடத்தான். நம் லயத்துக்குப் பின்னால் உள்ள கரைக்குப் போர்டு வைக்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு உன்மேல் ஆத்திரம் வருகிறது, மறைக்க மாட்டேன். முன்கூட்டியே வீட்டுக்குச் சொன்னால் அது நியாயம் இல்லை என்று நீ நினைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா!

இப்போது, உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். சொல்லாதே என்று உன் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டதைத்தான் சொல்கிறேன். கம்பெனி நம் மலையைத் துண்டு துண்டாக வெளி ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. டவுன்காரர்கள் வந்து மரத்தைத் தறித்துவிட்டு வாழையும் அன்னாசியும் போடுகிறார்கள். அவர்களைப் பார்க்க எந்தக் கடைக்காரரும் வருவதில்லை, எந்தச் சட்டமும் இல்லை. அன்னாசி ஏற்றிய லொறி நேரே கொழும்புக்குப் போகிறது, அங்கே கடையில் வாங்குகிறவர் யாரும் ஓடையைப் பற்றிக் கேட்பதில்லை. அவர்களுக்கு மருந்தடிக்க ஆள் வேண்டும். இந்த வயதில் உன் அப்பாவுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பால் வெட்டத் தெரிந்த கைக்கு வெட்ட மரம் இல்லை. விடிந்ததும் டேங்கைக் கட்டிக்கொண்டு போகிறார். முகத்தை மூடிக்கட்ட, பழைய சறத்தில் கிழித்த ஒரு துண்டுதான். அந்த ஓடைக்கரைக்கும் அவர்தான் அடிக்கிறார், தண்ணீர் விளிம்பு வரைக்கும். அன்றைக்கு ஒரு நாள் உனக்காக அடித்தார், இப்போது வாரம் தவறாமல் கூலிக்கு அடிக்கிறார். இருமல் நின்றபாடில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் என்மேல் எரிந்து விழுகிறார்.

நீ அனுப்புகிற காசை அவர் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். கொழும்பில் உன்னோடு வந்து இரு என்று நீ கூப்பிட்டதும் தெரியும். அங்கே வந்து அவர் என்ன செய்வார், உன் பிளாட் சன்னலில் நின்று ரோட்டைப் பார்ப்பாரா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் மலையும் மரமும்தான்.

நீ அங்கே போய்ப் பெரிய மேசையில் உட்காரப்போகிறாய். உனக்குப் புத்தி சொல்கிற படிப்பு எனக்கு இல்லை, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் பெற்றவள் சொல்கிறேன், கேள். ஒரு தோட்டத்துப் பால் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், அங்கே அழுக்கு நின்றுவிடுவதில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. உங்கள் கையுறை சுத்தமாகிவிட்டது, எங்கள் ஓடை முன்பைவிட நாறுகிறது. தப்பு செய்தவனை விட்டுவிட்டு வேறு இடத்தில் வாங்குவது லேசு. அவனோடு உட்கார்ந்து, அவன் பாஷையில் சொல்லிக்கொடுத்து, அடுத்த வருஷமும் அவனிடமே வாங்குவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைச் செய்யச் சொல்லி நீ அங்கே வாய் திறக்க வேண்டும். திறந்தால் கேட்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை தம்பி. மனதைத் தேற்றிக்கொள்வதற்காகக்கூட எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லது செய்யப் புறப்பட்ட என் பிள்ளை கையாலேயே இவ்வளவும் நடந்தது என்றால், மற்றவர்களிடம் நான் என்னத்தை எதிர்பார்ப்பது? ஒருவேளை நீயும் அங்கே போய்க் கொஞ்ச நாளில் மலையை மட்டும் பார்க்கப் பழகிவிடுவாய். அந்தப் பயம்தான் எனக்கு.

நேற்று அவரிடம் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டேன், பிள்ளைமேல் அப்படி என்ன கோபம் என்று. இருமிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா கோவம்னு? அன்னைக்கு அவன் பொய் சொல்லியிருந்தா அவன் மூஞ்சியில நான் முழிச்சிருக்க மாட்டேன். அவன் சரியாத்தான் செஞ்சான்" என்றார். "பொறவு ஏன் அவன வர வேணாங்குறீங்க?" என்று கேட்டேன். "வந்தா, என்னா வேல செய்றீங்கன்னு கேப்பான். நான் அவன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். கேட்டுட்டு அவனும் சும்மா இருக்கிற ஆளு இல்ல. இன்னொரு வாட்டி அவன் முன்னால நின்னு, ஆமா நாந்தான்னு சொல்ல என்னால முடியாது புள்ள" என்றார். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அதனால் நீ வா. அவர் வேண்டாம் என்றாலும் வா. ஜீப்பில் வராதே, பஸ்ஸில் வந்து, கீழே இறங்கி நடந்து வா. லயத்தில் யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், சிலர் வெளிநாட்டில் வேலை கிடைக்குமா என்றுகூடக் கேட்பார்கள். வேலை முடிந்து அவர் வருகிற நேரத்துக்கு வா, அவருக்கு ஒளிய இடம் இருக்காது. நீ வருகிறாய் என்று தெரியாவிட்டாலும் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. சாமான் கட்டிவிட்டாயா, அங்கே குளிராக இருக்குமா என்று அவர் கேட்பார், பதில் சொல். நீ அவரிடம் எதையும் கேட்காதே. உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை தம்பி, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, தெரிந்ததைத் தெரியாத மாதிரி இரு என்கிறேன். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த மருந்து வாடை அவர் உடம்பை விட்டுப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் உனக்கு அடிக்கும். முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போ.

அம்மா